கேட்டு வாங்காத சலுகை

ஒருவர் தன் உழைப்பாலோ திறமையாலோ ஈட்டாமல், இன்ன நிறத்தில் பிறந்தார் என்பதற்காகவே அவருக்கு வந்து சேரும் அனுகூலங்களை அமெரிக்கக் கல்லூரிகளில் ‘இனச் சலுகை’ என்கிறார்கள். பெரும்பாலும் அது ‘வெள்ளையர் சலுகை’ என்ற பெயரில்தான் பாடத்திட்டத்துக்குள் வருகிறது. அப்படி ஒன்று உண்டா என்ற சண்டையைவிட, உண்டென்றால் அதற்கு யார் பதில் சொல்வது என்ற சண்டை பெரியது. முதல் கேள்வியை வரலாறும் கணக்குகளும் ஓரளவு தீர்த்துவிடும். இரண்டாவது அறவியலின் கேள்வி. தான் செய்யாத ஒன்றுக்கு ஒருவர் பொறுப்பாவாரா என்று சமயங்களும் நெடுங்காலமாக அதோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றன.

தமிழில் இதைப் பேசத் தொடங்கும்போதே சொல்லில் ஒரு சிக்கல் எழுகிறது. தமிழ்நாட்டில் சலுகை என்றால் அரசு இறங்கிவந்து தருவது: மாணவர்களுக்குப் பேருந்துக் கட்டணச் சலுகை, முதியவர்களுக்கு வரிச் சலுகை. இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் அதையும் சலுகை என்பார்கள். ஆதரிப்பவர்கள் உடனே ‘உரிமை’ என்று திருத்துவார்கள். தமிழ்க் காதுக்குச் சலுகை பெறுபவர் கீழே நிற்பவர். அமெரிக்க விவாதத்திலோ சலுகை பெறுபவர் மேலே நிற்பவர். அவர் எந்த அலுவலகத்துக்கும் விண்ணப்பம் போடுவதில்லை. கிடைத்திருப்பதே பலநேரம் அவருக்குத் தெரிவதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர், தனி ஒருவருக்கென்று இயற்றப்பட்ட சட்டத்தைக் குறித்தது. சட்டமன்றத்தில் ‘உரிமை மீறல்’ தீர்மானம் கொண்டுவருகிறார்களே, அதிலுள்ள ‘உரிமை’யும் அதே சொல்லின் தமிழாக்கம்தான். ஒரே சொல் தமிழில் ஓரிடத்தில் சலுகையாகவும் இன்னோரிடத்தில் உரிமையாகவும் பிரிந்து நிற்கிறது. இதை வெறும் மொழிபெயர்ப்புத் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது. மெய்யியலாளர்கள் பின்னர் சுட்டிக்காட்டிய ஓட்டையும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தச் சலுகை தொடக்கத்தில் ஒளிந்து கிடக்கவில்லை. சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களில், கப்பல் கூலிக்காக ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்ட ஆங்கிலேய ஏழைகளும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அருகருகே வேலை செய்தார்கள். 1676இல் நத்தானியேல் பேக்கன் தலைமையில் எழுந்த கலகத்தில் இரு தரப்பாரும் ஆயுதம் ஏந்தினார்கள். தலைநகரான ஜேம்ஸ்டவுன் எரிந்தது. (அந்தக் கலகக்காரர்கள் முதலில் பாய்ந்தது பூர்வகுடிகள் மேல், ஏழைகளின் ஒற்றுமைக்கு உதாரணமாக அதைக் கொண்டாடுபவர்கள் இந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் கடந்துவிடுவார்கள்.) அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் வந்த சட்டங்கள் இரு தரப்பாரையும் பிரித்துவைத்தன. 1691ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையர் பிற நிறத்தாரை மணப்பதைத் தடுத்தது. 1705ஆம் ஆண்டுத் தொகுப்பு, கிறித்தவ வெள்ளை வேலையாளை நீதிபதியின் உத்தரவில்லாமல் ஆடை களைந்து சவுக்கால் அடிக்கக் கூடாது என்றது. ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் ஆணுக்குப் பத்து புஷல் சோளமும் முப்பது ஷில்லிங்கும் ஒரு துப்பாக்கியும் தரச் சொன்னது. அதே தொகுப்பின்படி, அடிமையைத் தண்டிக்கும்போது உயிர் போய்விட்டால் எசமானர்மேல் குற்றம் கிடையாது.

வெள்ளையர் என்ற இனமே இப்படித்தான் உருவாக்கப்பட்டது என்று தியடோர் ஆலன் 1990களில் இரண்டு தொகுதிகளாக எழுதினார். இது திட்டமிட்ட சூழ்ச்சியா, ஏற்கெனவே இருந்த வெறுப்புக்குச் சட்டம் முத்திரை குத்தியதா என்பதில் வரலாற்றாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பலன் ஒன்றுதான். ஏழை வெள்ளையர் ஏழையாகவே இருந்தார்; தனக்குக் கீழே எப்போதும் ஒருவர் இருப்பார் என்ற உத்தரவாதம் மட்டும் அவருக்குக் கிடைத்தது. டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 1935இல் எழுதிய, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அமெரிக்க மறுகட்டமைப்புக் கால வரலாற்றில் இதை ஒருவகைக் கூலி என்றார். கையில் வாங்கும் பணம் குறைவு. அதை ஈடுகட்டப் பொது இடத்தில் மரியாதை, பூங்காவில் அனுமதி, காவலரின் கனிவு, நீதிமன்றத்தின் தயவு. சலுகை பற்றிய இன்றைய பேச்சு முழுவதற்கும் இதுவே விதை. அதைத் தூவியவர் கறுப்பினத்தவர் என்பதும், அவர் பேசியது மனக்குற்றம் பற்றி அல்லாமல் கூலி பற்றி என்பதும் இன்றைய வகுப்பறைகளில் போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை.

சுதந்திர அமெரிக்காவின் முதல் குடியுரிமைச் சட்டமான 1790ஆம் ஆண்டுச் சட்டம், குடியேறியவர்களில் ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டுமே குடிமக்கள் ஆகலாம் என்றது. இதில் இந்தியர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் குடியுரிமை கோரிய வழக்கு 1923இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தான் உயர்சாதியைச் சேர்ந்த ஆரியர், ஆகவே வெள்ளையர் என்பது அவருடைய வாதம். சாதிச் சலுகையைக் காட்டி இனச் சலுகை கேட்ட வழக்கு என்று இதைச் சொல்லலாம். அறிவியல் வகைப்பாடு எதுவானாலும், சாமானியரின் வழக்கில் அவர் வெள்ளையர் அல்லர் என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946இல்தான் திறந்தது.

இருபதாம் நூற்றாண்டில் சட்டத்தின் வாசகத்திலிருந்து நிறம் மெல்ல மறைந்தது, பலன் மறையவில்லை. 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலையாட்களையும் விட்டுவிட்டது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோரின் பிழைப்பு அந்த இரண்டில்தான் இருந்தது. 1930களில் வீட்டுக்கடனுக்காக நகரங்களைப் பகுதி பகுதியாகத் தரம் பிரித்த அரசு வரைபடங்களில் கறுப்பினக் குடியிருப்புகள் சிவப்பு மையால் தீட்டப்பட்டன. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1944இல் வந்த சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் கடனை வழங்கியவை உள்ளூர் வங்கிகள். மிசிசிப்பியில் 1947இல் எடுக்கப்பட்ட கணக்கு ஒன்றின்படி, அந்தத் திட்டத்தில் வீட்டுக்கும் தொழிலுக்கும் பண்ணைக்கும் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் இரண்டு மட்டுமே கறுப்பின வீரர்களுக்குப் போயின. வீடு பிள்ளைக்குப் போகும், பிள்ளையின் பிள்ளைக்குப் போகும். அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், சொத்து வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர்.

கல்லூரி வகுப்பறைக்குள் இந்த விஷயம் வந்துசேர்ந்தது இந்தக் கணக்குகள் வழியாக அல்ல என்பதுதான் விந்தை. மாசசூசெட்ஸின் வெல்ஸ்லி கல்லூரியில் பெண்ணியல் ஆய்வில் இருந்த பெகி மெக்கின்டாஷ் 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்களுக்கு அநீதி நடக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் ஆண் பேராசிரியர்கள், அதனால் தங்களுக்கு அனுகூலம் கிடைக்கிறது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மறுப்பதை அவர் கவனித்தார். பிறகு அதே கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். வெள்ளைப் பெண்ணான தனக்கு அன்றாடம் கிடைப்பவை, உடன் வேலை செய்யும் கறுப்பினத் தோழியருக்கு அப்படி நிச்சயமாகக் கிடைப்பதில்லை என்று 46 சின்னச் சின்ன விஷயங்களைப் பட்டியலிட்டார். கடைக்குப் போனால் யாரும் பின்தொடர்ந்து கண்காணிப்பதில்லை. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஏறத்தாழத் தன் தோலின் நிறத்தில் இருக்கிறது. தான் செய்த தவறு தன் இனத்தின் தவறாகக் கருதப்படுவதில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த இதன் சுருக்கம், கண்ணுக்குத் தெரியாத ஒரு முதுகுப்பையை உவமையாகக் கொண்டது. இன்றுவரை அமெரிக்க வகுப்பறைகளில் அதிகம் நகலெடுக்கப்படும் கட்டுரைகளில் அது ஒன்று.

பிளாஸ்திரியை யாராலும் மறுக்க முடியாது. 1705ஆம் ஆண்டுச் சட்டத்தை விளக்க அரைமணி நேரம் ஆகும், பிளாஸ்திரிக்கு ஒரு வரி போதும். அதே காரணத்தால் கட்டுரையின் வழியே போனவர்களுக்கு வரலாறும் பொருளாதாரமும் பின்னுக்குப் போய், மனநிலை முன்னுக்கு வந்தது. தன் இடம், தன் காலம், தன் வேலை ஆகியவற்றை வைத்தே எழுதுவதாக மெக்கின்டாஷ் சொல்லியிருந்தார். எல்லாருக்கும் பரவ வேண்டிய அனுகூலங்கள் சில, யாருக்குமே இருக்கக் கூடாத அனுகூலங்கள் சில என்றும் பிரித்திருந்தார். நகலெடுக்கப்பட்டுக் கைமாறிய பட்டியலில் அந்த எச்சரிக்கைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன.

அந்தப் பிரிவினையைத்தான் மெய்யியலாளர்கள் பிறகு கூர்மையாக்கினார்கள். லூயிஸ் கோர்டன் எழுப்பிய ஆட்சேபம் எளிமையானது. காவலரால் காரணமின்றி நிறுத்தப்படாமல் தெருவில் நடப்பது மனிதருக்கு இயல்பாக இருக்க வேண்டிய உரிமை. அதைச் சலுகை என்று பெயரிட்டால், விட்டுக்கொடுக்க வேண்டிய ஒன்றுபோல ஆகிவிடுகிறது. தடியடி வாங்காதவர் வெட்கப்பட வேண்டுமா, தடியடி நிற்க வேண்டுமா? தமிழில் சலுகையும் உரிமையும் பிரிந்து நிற்கும் இடம் இதுவே. லாரன்ஸ் ப்ளம் 2008இல் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் அடைந்து கிடப்பதாகக் காட்டினார். ஒன்று, பிறருக்கு நேரும் அநீதி தனக்கு நேராமல் தப்பியிருப்பது. இன்னொன்று, அந்த அநீதியிலிருந்தே லாபம் அடைவது: ஒருவருக்கு மறுக்கப்பட்ட கடன் இவருக்கு வீடாகிறது. மூன்றாவது, அநீதியோடு தொடர்பில்லாமல் பெரும்பான்மையாக இருப்பதால் மட்டும் வரும் வசதி: தன் தாய்மொழியிலேயே கடைப்பலகைகள் இருப்பதைப் போல. முதலாவதற்குப் பரிகாரம், எல்லாரையும் தப்பவைப்பது. இரண்டாவதில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதற்குக் கொஞ்சம் நாகரிகம் போதும். பிளாஸ்திரியையும் வீட்டுக்கடனையும் ஒரே பட்டியலில் வரிசையெண் போட்டு வைத்தால் இந்த வேறுபாடு மாணவர்களுக்குப் புலப்படுவதில்லை.

வகுப்பில் எழும் எதிர்ப்பு பெரும்பாலும் இப்படி நுட்பமாக இருப்பதில்லை. மேற்கு வர்ஜீனியாவில் மூடிய சுரங்கத்தின் ஊரிலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த வெள்ளை மாணவர், தனக்கு என்ன சலுகை என்று கேட்பார். ஆசிரியர்கள் தயாராக வைத்திருக்கும் பதில், இனச் சலுகை இருந்தாலும் வர்க்கச் சலுகை இல்லாமல் போகலாம் என்பது. கிம்பர்லி கிரென்ஷா 1989இல் முன்வைத்த ‘குறுக்குவெட்டுப் பார்வை’யின்படி அது சரியான பதில்தான். ஆனால் அது வகுப்பில் என்ன விளைவு தருகிறது என்பது வேறு கதை. எரின் கூலியும் அவருடைய சகாக்களும் 2019இல் வெளியிட்ட சோதனைகளில், வெள்ளையர் சலுகை பற்றிப் படித்த தாராளவாதச் சிந்தனையாளர்கள் வறிய வெள்ளையர் ஒருவரின் கதையை வாசித்தபோது அவர்மேல் இரக்கம் குறைந்தது. அவர் நிலைக்கு அவரே காரணம் என்ற எண்ணம் கூடியது. வறிய கறுப்பினத்தவர் மேல் இரக்கம் அதற்கேற்பக் கூடவும் இல்லை. டெய்லர் பிலிப்ஸும் பிரையன் லவரியும் 2015இல் கண்டது இதன் மறுபக்கம்: சலுகைக்கான சான்றுகளைக் காட்டியதும் வெள்ளையர்கள் தங்கள் வாழ்க்கைக் கஷ்டங்களை முன்னைவிட அதிகமாகச் சொல்லத் தொடங்கினார்கள். பாடம் பொய் என்று இவை காட்டவில்லை. ஆனால் உண்மையான ஒன்றையே எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதற்குத் தனி விளைவு இருக்கிறது.

அந்த எதிர்ப்பின் அடியில் இருப்பது பழைய சமயக் கேள்வி. தந்தையரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்கிறது யாத்திராகமத்தின் இருபதாம் அதிகாரம். தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று அழுத்தமாக மறுக்கிறது எசேக்கியேலின் பதினெட்டாம் அதிகாரம். இரண்டும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. அகுஸ்தீனார் வழிவந்த கிறித்தவம் சென்மப் பாவம் என்ற கோட்பாட்டில், செய்யாத பாவத்தோடு பிறப்பதை மனித நிலையாகவே ஏற்றது. அமெரிக்காவின் ஆதிப் பாவம் அடிமைமுறை என்ற வழக்கும் அந்த நிலத்தில் முளைத்ததுதான்.

சலுகைப் பாடமே ஒரு மதமாகிவிட்டது என்று கறுப்பின மொழியியலாளர் ஜான் மெக்வோர்ட்டர் 2015 முதல் விமர்சித்து வருகிறார். பிறப்போடு வரும் கறை, அதை ஒப்புக்கொள்ளும் சடங்கு, சந்தேகம் கேட்பவரைப் பாவியாகப் பார்ப்பது என்று ஒப்புமைகளை அவர் அடுக்குகிறார். ஒப்புமை கூர்மையானது, ஆனால் ஓரிடத்தில் பொருந்தவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவிடம் சொல்பவருக்குப் பரிகாரம் விதிக்கப்படும், மன்னிப்பும் வழங்கப்படும். எழுந்து வெளியே போகலாம். சொன்னது இரகசியமாகவும் இருக்கும். தன் சலுகையை மாணவர் ஒப்புக்கொள்ளும் வகுப்பறை அறிக்கையில் மன்னிப்பு வழங்க அதிகாரம் பெற்றவர் யாருமில்லை, இரகசியமும் இல்லை. மதம் என்று பார்த்தாலும் அரைகுறை மதம். கத்தோலிக்க இறையியலோ இதில் இன்னும் நுணுக்கமாக நடந்துகொண்டது. 1984இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட மடல், சமூகப் பாவம் என்று ஒன்று உண்டு என ஏற்றது. அது பலரின் தனிப்பட்ட பாவங்கள் திரண்டு உறைந்தது என்றது. ஆனால் அமைப்பின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தனிமனிதர் நழுவிவிடக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது.

இந்தக் கேள்வியை மிகக் கடினமான சூழலில் கல்லூரி வகுப்பில் எடுத்துப் பேசியவர் ஜெர்மன் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ். யூதப் பெண்ணை மணந்திருந்ததால் நாஜி அரசால் 1937இல் பணியிலிருந்து நீக்கப்பட்டவர். 1945-46 குளிர்காலத்தில் ஹைடல்பெர்க்கில் அவர் முன் உட்கார்ந்திருந்தவர்கள், தோற்றுப்போன ஜெர்மனியின் மாணவர்கள். அவர்களிடம் குற்றத்தை நான்காகப் பிரித்துக் காட்டினார். சட்டத்தை மீறியவரின் குற்றம் நீதிமன்றத்துக்கு உரியது. அரசின் செயலுக்காகக் குடிமக்கள் அனைவரும் ஏற்க வேண்டியது அரசியல் பொறுப்பு. தான் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் தன் மனசாட்சியிடம் பதில் சொல்வது ஒழுக்கக் குற்றம். பிறர் கொல்லப்பட்டபோது தான் மட்டும் உயிரோடு இருப்பதன் உறுத்தலுக்கு இறைவனே நீதிபதி. ஒரு மக்களினம் மொத்தமாகச் சட்டக் குற்றவாளியாகவோ ஒழுக்கக் குற்றவாளியாகவோ ஆக முடியாது. கூட்டாக வருவது அரசியல் பொறுப்பு மட்டுமே என்பது அவருடைய முடிவு. மனசாட்சியின் பகுதியை ஒருவர் தன்னோடும், நேசத்தால் நெருங்கிய நண்பரோடும்தான் பேச முடியும், வெளியிலிருந்து யாரும் குற்றம்சாட்ட முடியாது என்றும் எச்சரித்தார். சலுகை பற்றிய பாடம் எங்கே தடம் புரள்கிறது என்பதைக் கண்டறிய இதைவிட நல்ல கருவி இல்லை. இரண்டாவது வகையில் தொடங்கும் வகுப்பு, மூன்றாவது வகைக்கு வழுக்கிப்போகும் இடத்தில்தான் அது நிகழ்கிறது.

அவருடைய மாணவி ஹன்னா அரெண்ட் 1968இல் இதை இன்னும் இறுக்கினார். குற்றம் எப்போதும் தனிமனிதருடையது. எல்லாரும் குற்றவாளி என்றால் யாருமே குற்றவாளி இல்லை. பொறுப்பு வேறு. தான் செய்யாத ஒன்றுக்காக, ஒரு சமூகத்தின் உறுப்பினர் என்ற ஒரே காரணத்தால் அது வருகிறது. அந்தச் சமூகத்தை விட்டு வெளியேறினால் ஒழிய அதிலிருந்து தப்ப வழியில்லை. அரசியல் மெய்யியலாளர் ஐரிஸ் மரியன் யங் இறந்த பிறகு 2011இல் வெளிவந்த நூல், பொறுப்பை முன்னோக்கித் திருப்பியது. வாடகை வீடு தேடி அலைந்து தெருவுக்கு வரும் நிலையில் நிற்கும் ஒரு தாயை அவர் கற்பனை செய்கிறார். வீட்டுக்காரர், தரகர், முதலாளி என யாரும் தனியாக அவருக்குத் தீங்கு செய்யவில்லை. எல்லாரும் நடைமுறைப்படியே நடந்தார்கள். அந்த நடைமுறையில் பங்கெடுப்பவர் அனைவருக்கும் அதை மாற்றும் பொறுப்பு உண்டு. யாருக்கு அதிகாரமும் அனுகூலமும் கூடுதலோ அவர்களுக்குப் பொறுப்பும் கூடுதல். இங்கே சலுகை, பழியைச் சுட்டுவதை விட்டு வேலையைப் பகிர்ந்தளிக்கும் அளவுகோலாக மாறுகிறது.

இந்தச் சிந்தனைகள் ஒரு கல்லூரியில் நிஜமாகவே வாக்குக்கு வந்தன. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1789இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் மூத்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அதை நடத்திய இயேசு சபையினர் மேரிலாந்துத் தோட்டங்களில் அடிமைகளை வைத்திருந்தார்கள். கடன் முற்றிய 1838இல், 272 பேரை ஏறத்தாழ 1,15,000 டாலருக்கு லூசியானாத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, வழிபாட்டுக்கு வசதி வேண்டும், பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ரோமிலிருந்து சபைத் தலைவர் விதித்த நிபந்தனைகள் காற்றில் போயின. முதல் தவணையில் ஒரு பகுதி கல்லூரியின் கடனுக்கே போனது. 2015இல் மாணவர்கள் போராடிய பிறகு, அந்த விற்பனையை நடத்திய குருக்களின் பெயர் தாங்கிய கட்டடங்களுக்குப் புதுப் பெயர் சூட்டப்பட்டது. ஒன்றுக்கு விற்பனைப் பட்டியலில் முதலாவதாக இருந்த ஐசக் ஹாக்கின்ஸின் பெயர். 2017 ஏப்ரலில் வழிபாடு ஒன்றில், வழித்தோன்றல்கள் முன்னிலையில் சபையும் பல்கலைக்கழகமும் மன்னிப்புக் கேட்டன.

2019 ஏப்ரலில் மாணவர்கள் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு மாணவரும் 27.20 டாலர் செலுத்தி, வழித்தோன்றல்களின் நலனுக்குத் தரலாமா என்பது கேள்வி. தொகையே அந்த 272 பேரை நினைவூட்டுவது. அண்மையில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஏன் கட்ட வேண்டும், கறுப்பின மாணவர் ஏன் கட்ட வேண்டும் என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அரெண்டின் பதில் பொருந்துகிறது: இந்தப் பொறுப்பு இரத்தத்தின் வழியாக வரவில்லை, நிறுவனத்தின் உறுப்பினர் என்பதால் வந்தது. அந்த விற்பனையால் பிழைத்த நிறுவனத்தின் பட்டத்தை வாங்கிக்கொள்பவர், தோல் எந்த நிறமானாலும், அதன் கணக்கில் ஒரு பங்கையும் ஏற்கிறார். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். நிர்வாகம் அந்தக் கட்டணத்தை அமல்படுத்தாமல், ஆண்டுக்கு 4,00,000 டாலர் திரட்டும் நிதி ஒன்றை நன்கொடை வழியாக ஏற்படுத்தப்போவதாக அறிவித்தது. கட்டாயப் பொறுப்பு விருப்பத் தர்மமாக மாறிய அந்த இடத்தை அறவியல் வகுப்புகளில் தனிப்பாடமாகவே வைக்கலாம்.

பொறுப்பைப் போலவே அறிவைப் பற்றியும் ஒரு சர்ச்சை இருக்கிறது. ‘இன ஒப்பந்தம்’ என்ற நூலை 1997இல் எழுதிய சார்ல்ஸ் மில்ஸ், வெள்ளையரின் அறியாமை வெறும் தகவல் குறைவு அல்ல, பார்க்காமல் இருப்பதற்குச் சமூகமே தரும் பயிற்சி என்றார். மேலே நிற்பவருக்குத் தெரியாதது கீழே நிற்பவருக்குத் தெரியும் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. வேலைக்காரருக்கு வீட்டுக்காரரைப் பற்றித் தெரிந்த அளவு வீட்டுக்காரருக்கு வேலைக்காரரைப் பற்றித் தெரியாது என்பது யாருக்கும் புரியக்கூடியதே. ஆனால் இதையே நீட்டினால் ஆபத்தான இடத்துக்குப் போகலாம். ராபின் டிஏஞ்சலோ 2011இல் ‘வெள்ளையரின் நொய்மை’ என்று பெயரிட்ட கருத்தின் தளர்ந்த வடிவத்தில், மாணவர் மறுத்துப் பேசுவதும் கோபப்படுவதும் எழுந்து போவதும் மௌனமாக இருப்பதும் அவருடைய சலுகைக்குச் சான்றாகிவிடுகின்றன. எந்த நடத்தை வந்தாலும் தன்னை உறுதிப்படுத்திக்கொள்ளும் கோட்பாடு எதையும் விளக்குவதில்லை என்று கார்ல் பாப்பர் உளப்பகுப்பாய்வை விமர்சித்தது இங்கும் பொருந்தும். ஒருவர் எங்கிருந்து பேசுகிறார் என்பது அவரைக் கூர்ந்து கேட்கக் காரணமாகலாம். அவர் சொல்வது பிழை என்பதற்கு நிரூபணமாகாது.

கற்பிக்கும் முறையைப் பொறுத்தவரை, மிகப் பரவலான பயிற்சி ‘சலுகை நடை’ எனப்படுவது. மாணவர்கள் ஒரே வரிசையில் நிற்பார்கள். வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தனவா, கடையில் சந்தேகப் பார்வை பட்டதுண்டா என்று கேள்விகள் வாசிக்கப்படும். பதிலுக்கு ஏற்ப ஓரடி முன்னேயோ பின்னேயோ வைக்க வேண்டும். கடைசியில் முன்வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்வார். பின்வரிசையில் நிற்கும் கறுப்பின மாணவருக்கு அதில் கற்க எதுவும் இல்லை. அவருடைய வாழ்க்கை மற்றவருக்குக் கற்பிக்கும் கருவியாகிறது, அதுவும் அவரும் கட்டணம் கட்டிய வகுப்பில். மறுபுறம், 1705ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வீட்டுக்கடன் வரைபடத்தையும் படிக்கவைக்கும் ஆசிரியரின் வகுப்பில் யாருடைய வாழ்க்கையும் காட்சிப்பொருளாவதில்லை. முன்வரிசையும் பின்வரிசையும் ஒரே ஆவணத்தின்மேல் குனிகின்றன.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில், மாணவர்கள் எதிர்த்துப் பேச முடியாமல் அமர்ந்திருக்கும் அரங்கில் ஆசிரியர் தீர்க்கதரிசியாகக் கூடாது என்றார். தம் கட்சிக்குச் சங்கடமான உண்மைகளை மாணவர் எதிர்கொள்ளப் பழக்குவதே ஆசிரியரின் முதல் வேலை என்றும் சொன்னார். சங்கடமான உண்மையைச் சொல்லாமலிருக்க இந்த உரையைத் துணைக்கு அழைப்பவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஃபுளோரிடா 2022இல் இயற்றிய சட்டத்திலும் அந்த இரண்டாம் பாதி இல்லை. ஒருவர் தன் இனத்தார் முன்பு செய்ததற்குப் பொறுப்பு அல்லது குற்றவுணர்வு கொள்ள வேண்டும் என்பது உட்பட எட்டுக் கருத்துகளை ஆதரித்துக் கற்பிக்கக் கூடாது, ஆதரிக்காமல் விவாதிக்கலாம். யாஸ்பர்ஸ் பாடுபட்டுப் பிரித்த பொறுப்பையும் குற்றத்தையும் இந்தச் சட்டம் ஒரே வாக்கியத்தில் மறுபடி கலந்துவிட்டது. அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வகுப்பில் பேசுவது அரசின் பேச்சுதான் என்று மாநிலம் வாதாடியது. அந்த ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி நீதிபதி மார்க் வாக்கர், பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தார். கொடிவணக்கம் தங்கள் சமயத்துக்கு விரோதம் என்று மறுத்த யெகோவா சாட்சிகளின் பிள்ளைகள் தொடர்பாக 1943இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் பின்னால் நிற்கிறது. எந்த அதிகாரியும் எது சரியான நம்பிக்கை என்று விதிக்கவோ, அதைச் சொல்லாலோ செயலாலோ அறிக்கையிடக் கட்டாயப்படுத்தவோ முடியாது என்பது அதன் சாரம். அரசுக் கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக மாணவரைச் சலுகை அறிக்கை எழுதவைப்பதையும் அது தொடும், அரசு பாடத்தைத் தடைசெய்வதையும் தொடும்.

இந்த விவாதம் அண்மையில் சாதிக்கும் நீண்டிருக்கிறது. சென்னை ஐஐடியை மையமாக வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட ஆய்வு நூல், தமிழ்ப் பிராமணர்கள் தங்கள் அனுகூலத்தைத் ‘திறமை’ என்ற சொல்லுக்குள் கரைத்துச் சாதியற்றவர்களாகத் தங்களைக் காட்டிக்கொள்வதை ஆராய்ந்தது. ஒதுக்கீட்டில் வருபவருக்குச் சாதி உண்டு, பொதுப் பிரிவில் வருபவருக்குச் சாதியே இல்லை என்பது மில்ஸ் சொன்ன பழக்கப்பட்ட அறியாமையின் தமிழ் வடிவம். 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022 ஜனவரியில், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகமும் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. தாங்கள் செய்யாத ஒன்றுக்காகப் பிறப்பை வைத்துச் சந்தேகிக்கப்படுவோம் என்று இந்திய வம்சாவளிப் பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் கணக்கு அவர்களுடைய மனவுறுத்தலில் தொடங்குவதில்லை என்று தலித் அமைப்புகள் பதில் சொல்லின. கலிஃபோர்னியா மாநிலம் முழுவதற்கும் அதையே சட்டமாக்கும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. ஏற்கெனவே உள்ள சட்டங்களே போதும் என்று ஆளுநர் கேவின் நியூசம் 2023 அக்டோபரில் அதைத் திருப்பி அனுப்பினார்.